விண்டோஸ் பில்லிங் மென்பொருளும் பாமினி கோப்புகளும் லினக்ஸில் ஓடுமா?

கேள்வி சுருக்கமாக: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கடைக் கணினியில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை. அதனால் லினக்ஸ் மின்ட் போடலாம் என்று எண்ணம். ஆனால் பல வருடமாகப் பழகிய பில்லிங் மென்பொருள், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், எலெக்ட்ரானிக் தராசு, பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் இவையெல்லாம் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஓடிவிடும். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டித் தருவது வைன் என்ற மென்பொருள். ஆனால் "இந்த மென்பொருள் வைனில் ஓடுமா" என்று பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒருவர் ஓடுகிறது என்பார், இன்னொருவர் ஓடவில்லை என்பார், இரண்டுமே உண்மையாக இருக்கும். உங்கள் மென்பொருள் எதையெல்லாம் தொடுகிறது என்று பாருங்கள். சன்னல், கோப்பு, அச்சு இவற்றோடு நின்றுவிடுகிறதா? வைன் போதும். விண்டோஸின் மையக் கருவான கர்னலுக்குள் சொந்தமாக ஒரு டிரைவரை ஏற்றுகிறதா? வைனில் ஓடாது, மெய்நிகர் கணினி (லினக்ஸுக்குள் உண்மையான விண்டோஸையே ஓட்டும் முறை) வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

காரணம் வைன் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. 1993-இல் தொடங்கி 15 வருடம் கழித்து, 2008 ஜூன் 17-இல்தான் 1.0 பதிப்பைத் தொட்ட திட்டம் அது. விண்டோஸ் நிரலில் இருக்கும் செயலிக் கட்டளைகளை வைன் மொழிபெயர்ப்பதில்லை. அவை உங்கள் செயலியில் நேரடியாகவே ஓடுகின்றன. நிரல் "ஒரு சன்னல் திற", "இந்தக் கோப்பைப் படி" என்று விண்டோஸின் டிஎல்எல் நூலகங்களைக் கூப்பிடும்போது, அதே பெயரில் வைன் எழுதி வைத்திருக்கும் நூலகங்கள் பதில் சொல்லி, வேலையை லினக்ஸிடம் ஒப்படைக்கின்றன. ரெஜிஸ்ட்ரி (அமைப்புகளின் பதிவேடு), பூட்டுகள், சன்னல்களுக்கு இடையிலான செய்திகள் ஆகியவற்றை வைன்சர்வர் என்ற தனி நிரல் பார்த்துக்கொள்கிறது. வேகம் குறையாததற்கு இதுதான் காரணம். வன்பொருள் டிரைவர் ஏறாததற்கும் இதுவே காரணம்: அங்கே விண்டோஸ் கர்னலே இல்லை.

இனி வேலை. கட்டளைகளின் பெயரை உச்சரிப்பிலேயே தருகிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் சன்னல்) தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதல் தடை நிறுவும்போதே வரும். பழைய பில்லிங் மென்பொருள்கள் 32 பிட். மின்ட் 64 பிட். டிபிகேஜி கட்டளையால் ஐ386 எனப்படும் 32 பிட் கட்டமைப்பைச் சேர்த்து, தொகுப்புகளை நிறுவும் ஏபிடியின் அப்டேட்டை ஓட்டி, அதன் பிறகே வைனையும் வைன்32 தொகுப்பையும் நிறுவ வேண்டும். இதைத் தவறவிட்டால், எந்த நிரலைத் தொடங்கினாலும் வைன்32 காணவில்லை, முதலில் மல்டிஆர்க்கை (32 பிட் தொகுப்பு ஆதரவை) இயக்கு என்ற எச்சரிக்கை டெர்மினலில் வந்து நிற்கும். மின்ட் 22-இல் கிடைக்கும் வைன் 9.0 இந்த வேலைக்குத் தாராளம். புதியது வேண்டுமென்று வைன் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்ப்பவர்கள், மின்ட்டின் குறிப்பெயரைப் போடாமல் அதன் அடித்தளமான உபுண்டு 24.04-இன் குறிப்பெயரான நோபிளைப் போட வேண்டும். சார்புகள் நிறைவேறவில்லை என்று ஏபிடி முரண்டு பிடிப்பதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

அடுத்து பிரிஃபிக்ஸ். வைன் தன் போலி விண்டோஸை ஒரு கோப்புறைக்குள் கட்டுகிறது. சி டிரைவ், ரெஜிஸ்ட்ரி கோப்புகள், டிரைவ் எழுத்துகளுக்கான இணைப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். எதுவும் சொல்லாவிட்டால், வீட்டுக் கோப்புறையில் புள்ளி வைத்துத் தொடங்கும் வைன் என்ற மறைவான கோப்புறையில் 64 பிட் பிரிஃபிக்ஸ் ஒன்று உருவாகும். அதில் பில்லிங் மென்பொருளைப் போடாதீர்கள். தனியாக, 32 பிட்டாக ஒன்று உருவாக்குங்கள். டெர்மினலில் வைன்பிரிஃபிக்ஸ் என்ற மாறிக்குப் புதிய கோப்புறையின் முழுப் பாதையையும், வைன்ஆர்க் என்ற மாறிக்கு வின்32 என்பதையும் கொடுத்து, அதே வரியில் வைன்பூட்டை ஓட்டினால் போதும். இரண்டு மாறிகளின் பெயரும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இருக்கிற 64 பிட் பிரிஃபிக்ஸை 32 பிட்டாக மாற்ற வழியில்லை. முயன்றால் இது 64 பிட் நிறுவல் என்று சொல்லி வைன் மறுத்துவிடும். ஆர்ச் லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 ஜூனில் அங்கே வைன் தொகுப்பு முழுக்க 64 பிட் அமைப்புக்கு மாறிவிட்டதால் பழைய 32 பிட் பிரிஃபிக்ஸுகள் அப்படியே செல்லாது. கடை வேலைக்கு மின்ட்டைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் 32 பிட்டுக்கு இத்தனை பிடிவாதம்? நம் ஊர்க் கடைகளில் இருக்கும் பழைய பில்லிங் நிரல்களில் கணிசமானவை விஷுவல் பேசிக் 6-இல் எழுதி, ஆக்சஸ் எம்டிபி கோப்பில் தரவை வைத்து, கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் பில்லும் அறிக்கையும் போடுபவை. மூன்றுமே 32 பிட். இவற்றுக்கு வேண்டியதை வைன்ட்ரிக்ஸ் என்ற துணை நிரல் இறக்கித் தரும். அதில் விபி6ரன் (விஷுவல் பேசிக் 6 நூலகம்), எம்டிஏசி28 (தரவு இணைப்பு), ஜெட்40 (ஆக்சஸ் தரவுத்தள இயந்திரம்) ஆகியவற்றை இதே வரிசையில் போடுங்கள். எம்டிஏசிக்கு முன்னால் ஜெட்டைப் போடுவது வீண் தலைவலி. பிறகு உங்கள் மென்பொருளின் செட்டப்பை ஓட்டுங்கள்.

பிழைச் செய்தியின் எண்ணைக் கவனித்தால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும். 339 வந்து எம்எஸ்காம்சிடிஎல் போன்ற ஓசிஎக்ஸ் கோப்பின் பெயரைச் சொன்னால், அந்தக் கோப்பு பதிவாகவில்லை. வைன்ட்ரிக்ஸில் காம்சிடிஎல்32ஓசிஎக்ஸ் போடுங்கள், அல்லது கோப்பு கையில் இருந்தால் வைன் வழியாக ரெக்எஸ்விஆர்32-ஆல் பதிவு செய்யுங்கள். 3706 என்றால் தரவுத்தள இணைப்பி இல்லை, ஜெட்டோ எம்டிஏசியோ சரியாக ஏறவில்லை. 429 என்றால் ஏதோ ஒரு ஆக்டிவ்எக்ஸ் பொருள் பதிவாகவில்லை. அது எது என்று தெரிய நிரலை டெர்மினலிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அங்கே ஃபிக்ஸ்மீ என்று தொடங்கும் வரிகள் மளமளவென்று ஓடும். அவை வைன் எழுதுபவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட குறிப்புகள், பெரும்பாலும் விட்டுவிடலாம். இஆர்ஆர் என்று தொடங்கி மாட்யூல் என்ற சொல்லும் ஒரு டிஎல்எல் பெயரும் வருகிற வரிதான் உங்களுக்கு வேண்டியது. எம்எஃப்சி42 காணவில்லை என்றால் வைன்ட்ரிக்ஸில் அதே பெயரில் இருக்கிறது. எம்எஸ்விசிபி140 என்றால் விசிரன்2019 போடுங்கள். வைன்ட்ரிக்ஸ் இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று பாதியில் நின்றால், உங்களிடம் இருப்பது பழைய வைன்ட்ரிக்ஸ். திட்டப் பக்கத்திலிருந்து புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிழைச் செய்தியே வராமல் கணக்கைக் கெடுக்கும் ஒன்று உண்டு: தேதி. விபி6 நிரல்கள் தேதியின் வடிவத்தை இயங்குதளத்திடம் கேட்டு வாங்குகின்றன. வைன் அதை லினக்ஸின் மொழி அமைப்பிலிருந்து எடுக்கிறது. மின்ட் நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் மாதம் முன்னால் வரும். ஏப்ரல் 3-ஆம் தேதி பில் மார்ச் 4-ஆகப் பதிவாகும். 12-ஆம் தேதி வரை பிழையே தெரியாது. 13 வந்த பிறகுதான் நிரல் தடுமாறும், அதற்குள் இரண்டு வாரக் கணக்கு கலங்கியிருக்கும். மின்ட்டின் மொழி அமைப்பில் மொழியையும் வட்டார வடிவத்தையும் ஆங்கிலம்-இந்தியா என்று மாற்றி, வெளியேறி உள்ளே வந்து, ஒரு சோதனை பில் போட்டு அறிக்கையில் தேதியைப் பார்த்த பிறகே உண்மையான பில்லைத் தொடங்குங்கள்.

அச்சில் இரண்டு வழிகள் உண்டு. உங்கள் மென்பொருள் எந்த வழியில் போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பில் போடும்போது பிரின்டரைத் தேர்ந்தெடுக்கும் சன்னல் வருகிறது என்றாலோ, கிரிஸ்டல் ரிப்போர்ட் முன்னோட்டம் காட்டுகிறது என்றாலோ அது விண்டோஸ் பிரின்டர் வழி. வைன் அதைக் கப்ஸ் என்ற லினக்ஸ் அச்சுச் சேவைக்கு அனுப்பும். லினக்ஸில் பிரின்டர் ஒழுங்காக அச்சடிக்கிறது, பில்லிங் நிரலில் மட்டும் பிரின்டரே இல்லை என்கிறதா? கப்ஸின் 32 பிட் நூலகம் விடுபட்டிருக்கிறது: லிப்கப்ஸ்2 தொகுப்பின் (மின்ட் 22-இல் அதன் பெயர் லிப்கப்ஸ்2டி64) ஐ386 வடிவத்தை நிறுவுங்கள். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸுக்கு இயல்பு பிரின்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். தாளின் அளவையே அதைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். அது இல்லாவிட்டால் முன்னோட்டம் வெறுமையாக நிற்கும்.

இரண்டாவது, நேரடி வழி. பழைய நிரல்கள் எல்பிடி1 என்ற பிரின்டர் போர்ட்டை ஒரு கோப்பைப் போலத் திறந்து எழுத்துகளைத் தள்ளிவிடும். பிரின்டருக்கு 15 என்ற குறியீட்டு எழுத்தை அனுப்பினால் எழுத்து சுருங்கி, அங்குலத்துக்கு 10 எழுத்து என்பது 17-ஆகும். 80 எழுத்து கொள்ளும் தாளில் 137 எழுத்து வரை அடங்கும். டாட் மேட்ரிக்ஸில் பில் சரசரவென்று இறங்குவது இந்த முறையால்தான். இதையே கப்ஸ் வழியாகப் படமாக அனுப்பினால் ஒவ்வொரு வரியையும் புள்ளி புள்ளியாக வரைந்து ஊர்ந்துகொண்டிருக்கும். எனவே நேரடி வழியை விடாதீர்கள்.

யுஎஸ்பியில் சொருகிய டாட் மேட்ரிக்ஸ், லினக்ஸில் டெவ் கோப்புறைக்குள் யுஎஸ்பி என்ற உள்கோப்புறையில் எல்பி0 என்று தெரியும். வைனுக்கு அது தானாகத் தெரியாது. பிரிஃபிக்ஸின் டாஸ்டிவைசஸ் கோப்புறையில் எல்பிடி1 என்று கையால் இணைப்பு போடச் சொல்லும் பழைய குறிப்புகள் நிறைய உலவுகின்றன. இப்போதைய வைன் தொடங்கும்போதே அந்த இணைப்புகளைப் புதிதாக எழுதிவிடும், நீங்கள் போட்டது நிற்காது. சரியான இடம் ரெஜிஸ்ட்ரி. வைன் ரெஜெடிட்டில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், வைன், போர்ட்ஸ் என்று போய், அங்கே எல்பிடி1 என்ற சரம் உருவாக்கி, மதிப்பாக அந்த எல்பி0 கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். பிறகு வைன்சர்வரைக் கே சுவிட்சோடு ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். உங்கள் பயனர் கணக்கு எல்பி குழுவில் இருக்க வேண்டும். யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி-யோடு சிறிய ஏ-வையும் சேர்த்தே போடுங்கள். ஏ-வை மறந்தால் மற்றக் குழுக்களிலிருந்து, நிர்வாகி உரிமை தரும் சூடோ உள்பட, நீங்கள் நீக்கப்படுவீர்கள். இன்னொன்று: அதே பிரின்டரைக் கப்ஸிலும் சேர்த்து வைக்காதீர்கள். கப்ஸ் யுஎஸ்பி பிரின்டரை நேரடியாகப் பிடிக்கும்போது எல்பி0 கோப்பே காணாமல் போகும். ஒரு பில் வரும், அடுத்த பில் வராது என்கிற குழப்பம் இங்கிருந்து வருவதுண்டு.

தராசும் இதே கதைதான். யுஎஸ்பி-சீரியல் கேபிள் லினக்ஸில் டிடிஒய்யுஎஸ்பி0 என்று வரும், பயனர் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். சிக்கல் எண்ணில். உபுண்டு வழிக் கர்னல்கள் தாய்ப்பலகையில் இல்லாத சீரியல் போர்ட்டுகளுக்கும் சேர்த்து 32 பெயர்கள் வைத்திருக்கும். வைன் அவற்றுக்குக் காம்1 முதல் காம்32 வரை கொடுத்துவிட்டு, உங்கள் தராசுக்குக் காம்33 தரும். பில்லிங் நிரலின் பட்டியலோ காம்8 அல்லது காம்16-ஓடு முடிந்துவிடும். மேலே சொன்ன அதே போர்ட்ஸ் சாவியில் காம்1 என்ற சரத்துக்கு டிடிஒய்யுஎஸ்பி0-வின் பாதையைக் கொடுத்தால் தீர்ந்தது. கேபிளைச் சொருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைந்தால், கேபிளில் இருப்பது சிஎச்340 சில்லாக இருக்கலாம். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று தவறாக எண்ணி பிஆர்எல்டிடிஒய் சேவை அதைப் பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி பயன்படுத்தாத கணினியில் அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம். பார்கோடு ஸ்கேனருக்கு எதுவும் செய்ய வேண்டாம். பெரும்பாலானவை விசைப்பலகையாகவே நடந்துகொள்ளும்.

பல கணினிகள் ஒரே எம்டிபியை நெட்வொர்க்கில் திறந்து வைத்து வேலை செய்யும் கடையாக இருந்தால், என் பரிந்துரை வேறு: வைனை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். ஜெட் தரவுத்தளம் பூட்டுகளை நம்பி நடப்பது. பூட்டு ஒரு முறை தவறினால் கெடுவது தரவுக் கோப்பு, அதைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இனி தமிழ். பாமினி போன்றவை ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத எழுத்துருக்கள். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து விசைகளைத் தட்டினால் பாமினியில் "அம்மா" வரும். இது லினக்ஸில் வசதி: எந்தத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் வேண்டாம், ஆங்கில விசைப்பலகையே போதும், எழுத்துருக் கோப்பைப் பிரிஃபிக்ஸின் விண்டோஸ் கோப்புறையில் உள்ள ஃபாண்ட்ஸில் போட்டால் தெரியும். ஆனால் இவை மேற்கு ஐரோப்பியக் குறிமுறையான 1252-ஐ அடித்தளமாகக் கொண்டவை. தமிழுக்கென்று விண்டோஸில் அப்படிப்பட்ட குறிப்பக்கமே கிடையாது. ஆகவே கணினி முழுவதையும் தமிழ் மொழி அமைப்பில் வைத்திருப்பவர்களுக்கு, 128-க்கு மேற்பட்ட இடங்களில் உள்ள எழுத்துகள் சிதறலாம். இந்த நிரலை மட்டும் எல்சி ஆல் மாறியில் (பெரிய எழுத்தில், நடுவே அடிக்கோட்டோடு) ஆங்கிலம்-இந்தியா கொடுத்துத் தொடங்குங்கள்.

பேஜ்மேக்கர் கோப்புகளைப் பொறுத்தவரை, வைனுக்கு முன் லிப்ரெஆபிஸ் டிராவில் திறந்து பாருங்கள். 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே அது பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கிறது. பாமினி எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவியிருந்தால் தமிழாகவே தெரியும். பக்க வடிவம் அப்படியே வராது. உரையை மீட்க இது போதும். மீட்ட உரையை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு, புதிய வேலைகளை ஸ்க்ரைபஸ் 1.6-இல் செய்யுங்கள், அது தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. பேஜ்மேக்கரை வைனில் ஓட்டுவது பழைய பக்கத்தை அதே அமைப்பில் அச்சுக்கு எடுப்பதற்காக மட்டும் இருக்கட்டும். அதில் புதிதாக ஒரு பக்கம் கூடச் சேர்க்காதீர்கள். ஒருங்குறித் தமிழ் வேண்டிய விண்டோஸ் நிரலில் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தால், அது லதா எழுத்துருவைத் தேடுகிறது. ரெஜெடிட்டில் கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், வைன், ஃபாண்ட்ஸ், ரீபிளேஸ்மென்ட்ஸ் என்ற இடத்தில் லதாவுக்கு மாற்றாக நோட்டோ சான்ஸ் தமிழைக் காட்டுங்கள்.

வைனால் ஆகாதவை: உரிமத்தைச் சரிபார்க்கும் யுஎஸ்பி டாங்கில் பூட்டோடு வரும் மென்பொருள்கள், கர்னல் டிரைவர் வழியாக நகல்காப்பு செய்பவை, வான்கார்டு போன்ற ஏமாற்றுத்தடுப்பு உள்ள விளையாட்டுகள், மேக்ரோ நிறைந்த பல எக்செல் படிவங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு வைனுக்குள் போராட வேண்டாம். பல டோக்கன்களுக்கு லினக்ஸ் டிரைவரே இருக்கிறது, உலாவியோடு சேர்ந்து வேலை செய்யும்.

விளையாட்டு தவிர மற்றவற்றுக்கு மெய்நிகர் கணினி. 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உள்ளே 32 பிட் விண்டோஸ் 7-க்கு 1 ஜிபி நினைவகமும் 25 ஜிபி வட்டும், 32 பிட் விண்டோஸ் 10 என்றால் 2 ஜிபியும் 40 ஜிபியும் கொடுங்கள். உள்ளே போடும் விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும். பயாஸில் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி (மெய்நிகர் கணினிக்கான செயலி வசதி) அணைந்திருந்தால் முதலில் இயக்குங்கள். டாங்கில் உள்ளே தெரிய, பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்து, வெளியேறி உள்ளே வந்து, இயந்திர அமைப்பின் யுஎஸ்பி பகுதியில் அந்த டாங்கிலுக்கு வடிகட்டி போட வேண்டும். விடி-எக்ஸ் வேறொன்றின் பிடியில் இருக்கிறது என்று விர்ச்சுவல்பாக்ஸ் சொன்னால், லினக்ஸ் கர்னல் 6.12-இலிருந்து, லினக்ஸின் சொந்த மெய்நிகர் கணினி வசதியான கேவிஎம் ஏறியதுமே அந்த வசதியை எடுத்துக்கொள்வதுதான் காரணம். கேவிஎம் மாட்யூல்களை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸ் உள்ளே இருப்பதால் அதன் நெட்வொர்க்கை அணைத்தே வையுங்கள்.

வைனிலும் பாதுகாப்பு தேவை. அது வேலி அல்ல. இசட் டிரைவ் வழியாக உங்கள் லினக்ஸ் வீட்டுக் கோப்புறை முழுவதும் விண்டோஸ் நிரலுக்குத் தெரியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வைனிலும் ஓடக்கூடும். வைன்சிஎஃப்ஜியில் இசட் டிரைவை நீக்குங்கள், டெஸ்க்டாப் ஒருங்கிணைப்புப் பகுதியில் ஆவணங்கள், படங்கள் கோப்புறைகளுக்கான இணைப்பை எடுத்துவிடுங்கள், வைனை ஒருபோதும் சூடோவோடு ஓட்டாதீர்கள்.

எல்லாம் ஓடிய பிறகு பிரிஃபிக்ஸ் கோப்புறையை, நிரலை மூடி வைன்சர்வரையும் நிறுத்திவிட்டு, அப்படியே ஒரு பென் டிரைவுக்கு டார் கோப்பாக எடுத்து வையுங்கள். வேறு கணினியில் அதே பயனர் பெயரில் விரித்தால் நிரல், ரெஜிஸ்ட்ரி, தரவு எல்லாம் சேர்ந்து எழுந்துவிடும். பழைய விண்டோஸ் வட்டை உடனே அழிக்காதீர்கள். தினசரி பில் ஓடுவதை வைத்து முடிவு செய்யாமல், மாத அறிக்கையையும் மார்ச் 31-க்கான ஆண்டுக் கணக்கு முடிப்பையும் தரவின் நகலில் இப்போதே ஓட்டிப் பாருங்கள். தரவுத்தளத்தைச் சுருக்கிப் புதிய எம்டிபி உருவாக்கும் வேலை அந்த இடத்தில்தான் வரும், தினசரி பில்லில் தலைகாட்டாத 429 பிழையும் அங்கேதான் வரும்.